சுவா ஏரிக்கரை: முதல்முறை போகிறவர்களுக்கு வெந்நீர் ஊற்றுக் குளியலும் சாப்பாடும்

ஜப்பானுக்குப் போகும் நம்மவர்கள் பலர் ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலை ஆசையாகத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அப்புறம் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். உடம்பில் ஒரு துணிகூட இல்லாமல் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே தொட்டியில் இறங்கவேண்டும் என்பது முதல் தயக்கம். அங்கே போய் என்ன சாப்பிடுவது என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான தயக்கம்தான், அதனால்தான் முதல்முறை போகிறவர்களுக்கு நாகானோ மாகாணத்தின் சுவா ஏரியைச் சொல்கிறேன். சுற்றுலாவுக்குப் பேர்போன ஹகோனே, கவாகுச்சி ஏரிப் பக்கம் இருக்கிற நெரிசல் இங்கே இல்லை. டோக்கியோவிலிருந்து ஒரே ரயிலில் போய்விடலாம். முக்கியமாக, குளியலைப் பாதத்தில் தொடங்கிக் கழுத்துவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளலாம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

போய்ச் சேர்வது

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் அசுசா என்ற விரைவு ரயிலைப் பிடியுங்கள். காமிசுவா நிலையத்துக்குச் சுமார் இரண்டேகால் மணி நேரம். இந்த ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான், அதனால் சனி, ஞாயிறு என்றால் முன்னாடியே சீட்டு எடுத்துவிடுங்கள். ஏரி கடல் மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுற்றளவு சுமார் 16 கிலோமீட்டர். கரையில் மூன்று ஊர்கள்: காமிசுவா நிலையம் இருக்கும் சுவா, பக்கத்தில் ஷிமோசுவா, அதற்கடுத்து ஒகாயா. மூன்றும் அடுத்தடுத்த ரயில் நிலையங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து நிமிடத்தையொட்டித்தான் ஆகும், ஆனால் உள்ளூர் ரயில் அடிக்கடி வராது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். பெரிய பெட்டியை நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு, ஒரு சின்னப் பையோடு நடப்பதுதான் வசதி.

அந்தச் சின்னப் பையில் இருக்கவேண்டியவை: ஒரு சின்னத் துண்டு, ஒரு பெரிய துண்டு, ஈரத் துண்டைப் போட ஒரு பிளாஸ்டிக் பை, தலைமுடி நீளமாக இருந்தால் கட்ட ஒரு ரப்பர் பேண்டு, நூறு யென் நாணயங்கள் நாலைந்து, ஆயிரம் யென் நோட்டுகள் சில. சின்ன ஊர்க் குளியலிடங்களிலும் பழைய சாப்பாட்டுக் கடைகளிலும் ரொக்கம்தான் நம்பகமானது. பத்தாயிரம் யென் நோட்டை ஏற்காத டிக்கெட் எந்திரங்கள் நிறைய உண்டு.

முதல் படி: பாதம்

காமிசுவாவில் ரயிலை விட்டு இறங்கியதும் உடனே வெளியே போகவேண்டாம். ஒன்றாம் நடைமேடையிலேயே கால்குளியல் ஒன்று இருக்கிறது, அஷியு என்பார்கள். ரயில் சீட்டு இருந்தால் தனிக் கட்டணம் கிடையாது. காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மரப்பலகையில் உட்கார்ந்தால் போதும். பயணக் களைப்பில் வீங்கிய காலுக்குப் பத்து நிமிடம் என்ன சுகம் கொடுக்கும் என்று அப்போது தெரியும். புடவை கட்டிப் போகிறவர்களுக்கும், ஒரேயடியாகக் குளியலுக்குள் இறங்கத் தயங்கும் பெரியவர்களுக்கும் இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை. ஏரிக்கரைப் பூங்காவிலும் இன்னொரு கால்குளியல் உண்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். துண்டு மட்டும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொள்ள விரும்பினாலும் தவறில்லை. துணியில்லாமல் பிறர் முன்னால் நிற்கவே முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி, விடுதிகளில் கிடைக்கும் தனிக் குளியலறை. கஷிகிரி புரோ என்று கேளுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு உங்கள் குடும்பத்துக்கு மட்டும் கதவைப் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். எல்லா விடுதியிலும் இருக்காது, அறையைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி, ஏனென்றால் டயபர் விடாத குழந்தைகளைப் பொதுத் தொட்டியில் இறக்க அநேகமாக எங்கும் விடமாட்டார்கள்.

இரண்டாம் படி: கதாகுராகான்

நிலையத்திலிருந்து ஏரியை நோக்கிப் பத்து நிமிடத்துக்குள் நடந்தால், ஜப்பானில்தான் இருக்கிறோமா என்று சந்தேகப்பட வைக்கும் ஒரு ஐரோப்பியக் கட்டடம் தெரியும். கதாகுராகான். 1928-இல் கட்டியது. இந்த வட்டாரம் ஒரு காலத்தில் பட்டுநூல் ஆலைகளால் பிழைத்த ஊர், அந்த ஆலைகளில் பெரியது கதாகுரா குடும்பத்துடையது. குடும்பத்தின் தலைவர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தபோது, அங்கே சாதாரண மக்களுக்கென்று இருந்த பொது வசதிகள் மனதில் பதிந்துபோய், திரும்பி வந்து இந்த ஊர்க்காரர்களுக்காகவும் ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் இதைக் கட்டினார். 2011-இல் தேசத்தின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தைக் கயிறு கட்டி மறைத்து வைக்காமல் இன்றும் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துக் குளிக்கலாம் என்று விட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இங்குள்ள தொட்டிக்கு 'ஆயிரம் பேர் குளியல்' என்று பெயர். உண்மையில் நூறு பேர்வரை இறங்கலாம் என்பார்கள். ஆழம் 1.1 மீட்டர், அதனால் மற்ற இடங்களைப்போல் உட்கார்ந்து குளிப்பதில்லை, நின்றுகொண்டுதான். சராசரி உயரக்காரருக்கு மார்புக்குக் கீழே தண்ணீர் நிற்கும், முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் கழுத்துவரை வந்துவிடும். தொட்டியின் அடியில் முழுக்கக் கரிய கூழாங்கற்கள். நடக்க நடக்க அவை பாதத்துக்கடியில் உருண்டு அழுத்தும், முதல் சில அடிகள் கூசும், அப்புறம் அந்தக் கல்லின்மேல் நடப்பதற்காகவே ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று போய்க்கொண்டிருப்பீர்கள். வண்ணக் கண்ணாடி சன்னல் வழியாக வெளிச்சம் நீராவியில் விழும். முதல் பொதுக் குளியலுக்கு இந்த இடத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், தண்ணீர் ஆழமாக இருப்பதால் இறங்கிவிட்டால் உடம்பு மறைந்துவிடும், கூச்சம் பாதி போய்விடும். மாதத்தில் சில நாள் விடுமுறை உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன செய்யவேண்டும்

வாசலில் காலணியைக் கழற்றி அதற்கான பெட்டியில் வைக்கவேண்டும். எந்திரத்தில் டிக்கெட் வாங்கி முகப்பில் கொடுக்கவேண்டும். பிறகு ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நீலத் திரைச்சீலை ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு என்பது பொதுவான வழக்கம். ஆனாலும் திரையில் இருக்கும் எழுத்துதான் முடிவானது, இரண்டு எழுத்தையும் முன்கூட்டியே போனில் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் நடுவே இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், நேற்று போன கதவுதானே என்று பார்க்காமல் நுழைந்துவிடக் கூடாது. எதிர்ப்பால் குழந்தைகளை உடன் அழைத்துப்போவதற்கு முன்பெல்லாம் 10 வயதுவரை இடம் கொடுத்தார்கள், 2020-இல் சுகாதார அமைச்சகம் அதை 7 வயது என்று குறைத்துவிட்டது.

உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நீச்சல் உடையோ உள்ளாடையோ கூடாது. போனைக் கையில் எடுக்கவே வேண்டாம், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெள்ளிக் கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் இருந்தால் கழற்றிவிடுவது நல்லது. கந்தகம் கலந்த ஊற்று நீர் பட்டால் வெள்ளி கறுத்துப்போகும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும், முன்பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கலாம், எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். நேரே தொட்டிக்குப் போகக் கூடாது. சுவரோரமாகக் குழாய்கள் இருக்கும், ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் ஒரு சின்ன முக்காலியும் ஒரு வாளியும் இருக்கும். முக்காலியைக் கழுவிவிட்டு, அதில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு உச்சி முதல் பாதம்வரை தேய்த்துக் குளிக்கவேண்டும். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். உடம்பில் நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டிக்கு வரவேண்டும். தொட்டி அழுக்குப் போக்கும் இடமல்ல, சுத்தமான உடம்போடு சூட்டில் ஊறும் இடம். இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற எந்தச் சின்னப் பிசகையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

தொட்டி ஓரத்தில் குந்தி, வாளியில் நீரை மொண்டு முதலில் பாதத்தில், பிறகு கையில், பிறகு தோளில் ஊற்றிக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம், கரையிலும் வைக்கலாம். முடியைக் கட்டிவிட வேண்டும். நீச்சல், முக்குளித்தல், சத்தமான பேச்சு எதுவும் வேண்டாம். யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், நீங்களும் அப்படியே இருங்கள். முதல்முறை ஐந்து நிமிடம் போதும். வெளியே வந்து உட்கார்ந்து ஆறிவிட்டு இன்னொரு ஐந்து நிமிடம் இறங்கலாம். எழும்போது படக்கென்று எழாதீர்கள், தலை சுற்றும். இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடும் குடித்துவிட்டும் இறங்கவே கூடாது. மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பது வழக்கம், கால்குளியலுக்குத் தடையில்லை. கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று முன்பு எழுதிப் போட்டிருப்பார்கள், 2014-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் வழுக்கும் தரை, மிதமிஞ்சிய சூடு இரண்டிலும் கவனம் வேண்டும்.

முடித்து வெளியே வரும்போது, உடை மாற்றும் அறைக்குள் நுழையும் முன்பே சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அறைத் தரை நனையக் கூடாது. குளிர்காலமானால் தலையை முழுக்கக் காயவைத்துவிட்டு வெளியே போங்கள், இங்கே இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழேகூடப் போகும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பச்சை குத்தியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல இடங்களில் அனுமதி கிடையாது, சில இடங்களில் மேலே ஒட்டி மறைத்தால் விடுவார்கள், சில இடங்களில் கேட்கவே மாட்டார்கள். வாசலிலேயே எழுதியிருக்கும். பாட்டி காலத்துக் கைப்பச்சைக்கும் அதே விதிதான் என்று வைத்துக்கொண்டு, உள்ளே போகுமுன் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஷிமோசுவாவின் ஊர்க் குளியல்கள்

கதாகுராகான் பழகிவிட்டால் ரயிலில் ஒரு நிலையம் போய் ஷிமோசுவாவில் இறங்குங்கள். பழைய நகாசெந்தோ, கோஷூ காய்தோ என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் சந்தித்த ஊர் இது, வழிப்போக்கர்கள் காலங்காலமாகக் குளித்துப் போன இடம். சுவா பெருங்கோயிலின் நான்கு கோயில்களில் ஒன்றான அகிமியா இங்கேதான் இருக்கிறது. கோயிலில் கை கழுவும் இடங்களில் ஒன்றில் டிராகன் வாயிலிருந்து ஊற்று வெந்நீரே விழுவதைப் பாருங்கள்.

இந்த வெந்நீர் இங்கே எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. காமிசுவாப் பக்கம் இருந்த தெய்வத்தின் துணைவி கணவனோடு ஊடல்கொண்டு பிரிந்து வந்தபோது, தனக்குப் பிடித்த வெந்நீரைப் பஞ்சில் நனைத்துக் கையோடு எடுத்து வந்தாளாம், அதை வைத்த இடத்தில் ஊற்று பிறந்ததாம். அந்த இடத்தை 'பஞ்சு வெந்நீர்' என்று இன்றும் காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் ஏரி முழுக்க உறையும்போது பனிக்கட்டி வெடித்து ஒரு நீண்ட வரப்பாக மேலெழும், அது அந்தத் தெய்வம் மனைவியைப் பார்க்க ஏரியைக் கடந்து போன தடம் என்பார்கள். அந்த வரப்பு எந்த ஆண்டு தோன்றியது, எந்த ஆண்டு தோன்றவில்லை என்று 1443 முதல் குறித்து வைத்திருக்கிறார்கள். 2018-இல் தோன்றியது. ஏரி முழுதாக உறைவதே இப்போது அரிதாகிவிட்டது என்பதை அந்தக் குறிப்பே காட்டிக்கொடுக்கிறது.

சரி, குளியலுக்கு வருவோம். கோயிலைச் சுற்றி நடக்கிற தூரத்தில் ஊர்ப் பொதுக் குளியல்கள் சில உண்டு, கட்டணம் சில நூறு யென்தான், விடியற்காலையிலேயே திறந்துவிடுவார்கள். தங்கா நோ யு என்பது ஜியுன்ஜி என்ற ஜென் மடத்துக்கு வந்த துறவிகளுக்காக ஏற்பட்டது என்கிறார்கள். இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சோப்பு, ஷாம்பு பெரும்பாலும் இருக்காது, கொண்டுபோங்கள். இரண்டாவது, சூடு. மற்ற இடங்களில் 41, 42 டிகிரி என்றால் இங்கே அதைவிட நன்றாகவே கூடுதல், காலை வைத்ததும் சுரீர் என்று எடுத்துவிடுவீர்கள். பத்து வாளியாவது காலிலும் தொடையிலும் ஊற்றிக்கொண்டு, அசையாமல் இறங்கி, அசையாமல் நில்லுங்கள், தண்ணீரைக் கலக்கினால் இன்னும் சுடும். சூடு தாங்கவில்லை என்று தண்ணீர்க் குழாயைத் திறக்குமுன் உள்ளே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அங்கே தினம் வரும் பெரியவர்களுக்கு அந்தச் சூடுதான் வேண்டும். இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தாலே போதும், வெளியே வந்ததும் உடம்பு அரைமணி நேரம் கதகதவென்று இருக்கும்.

சாப்பாடு

நேரத்தை முதலில் மனதில் வையுங்கள். மதியம் பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை, மாலை ஐந்தரைக்கு மேல் எட்டரைவரை, அவ்வளவுதான். நடுவில் பல கடைகள் மூடிவிடும். குளித்துவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு அலைந்தால் கன்வீனியன்ஸ் கடைதான் கதி. அதனால் காலையில் குளியல், பன்னிரண்டுக்குள் சாப்பாடு, மாலையில் மறுபடி குளியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒகாயாவுக்குப் போய் விலாங்கு மீன் சாப்பிடாமல் வரக் கூடாது. ஏரியிலிருந்து தென்ரியூ ஆறு புறப்படுவது இந்த ஊரில்தான், அணைகள் வருமுன் விலாங்கு அந்த ஆற்றின் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. டோக்கியோப் பக்கம் முதுகுப்புறம் கீறி ஆவியில் வேகவைத்துப் பிறகு சுடுவார்கள், ஒசாகாப் பக்கம் வயிற்றுப்புறம் கீறி நேரே சுடுவார்கள். ஒகாயா நடுவில் இருக்கும் ஊர், முதுகுப்புறம் கீறி ஆவியில் வைக்காமல் கரிநெருப்பில் சுடுவது இங்கே வழக்கம். தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே கொழுப்பாகவும் இருக்கும், இனிப்பும் உப்புமான குழம்பைப் பூசிச் சோற்றின்மேல் வைத்து அரக்குப் பெட்டியில் தருவார்கள். விலை சுலபமாக நாலாயிரம் யென்னைத் தாண்டும். மீன் தீர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள், மதியம் சீக்கிரம் போங்கள். ஆர்டர் கொடுத்தபின் நேரமாகும், அவசரப்படுத்தக் கூடாது.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஏரியில் கிடைக்கும் வகாசாகி. நம் நெத்திலிபோல முழுசாகத் தலையோடு சாப்பிடும் மீன், பொரித்தும் தருவார்கள், சோயாவும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டவைத்தும் தருவார்கள். பொரித்ததைத்தான் நான் சொல்வேன். குதிரை இறைச்சியும் இந்த மாகாணத்தில் சாதாரணம், 'சகுரா' என்ற பெயரில் உணவுப் பட்டியலில் இருந்தால் அது செர்ரிப் பூவல்ல, குதிரை இறைச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சோபா என்ற பக்வீட் நூடுல்ஸ் நாகானோவின் பெருமை. குளிர்ந்த நூடுல்ஸை மூங்கில் தட்டில் வைத்து, பக்கத்தில் தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் சாறு தருவார்கள். நூடுல்ஸின் நுனியை மட்டும் சாற்றில் நனைத்துச் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடலாம், அது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. முடிவில் நூடுல்ஸ் வெந்த தண்ணீரைச் சூடாகக் கொண்டுவந்து வைப்பார்கள், மிச்சச் சாற்றில் ஊற்றிக் குடிக்கவேண்டும். சோபா சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும், முதன்முதலாகச் சாப்பிடும் குழந்தைக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது சைவர்களுக்கு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த சோபாச் சாற்றில் காய்ந்த சூரை மீன் இருக்கிறது. மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் அப்படித்தான். இந்த மீன்சாற்றுக்கு தாஷி என்று பெயர், கண்ணுக்குத் தெரியாமல் காய்கறிக் கூட்டுகளில், ஊறுகாயில், முட்டையில் எல்லாம் கலந்திருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும், 'மீனும் வேண்டாம்' என்றால் மீன்சாறு வரும். அதனால் 'இறைச்சி, மீன், மீன்சாறு மூன்றும் சாப்பிடமாட்டேன்' என்று ஜப்பானிய மொழியில் எழுதி போனில் வைத்து, உட்காருமுன் காட்டுங்கள். முடியாது என்றால் சொல்லிவிடுவார்கள், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். சோபாவைச் சாறு இல்லாமல் உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடுவது அங்கேயே உள்ள பழக்கம்தான், தயங்காமல் கேளுங்கள். ஓயாகி என்ற கொழுக்கட்டையில் பூசணி, இனிப்புப் பயறு வைத்தவை கிடைக்கும், கீரை வைத்ததில் மீன்சாறு இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு பொட்டலம் பருப்புப்பொடியும் கொஞ்சம் தொக்கும் பையில் இருக்கட்டும், வெறும் சோறு கன்வீனியன்ஸ் கடையிலேயே சூடாக்கித் தருவார்கள். ஆனால் அதை அறையில் வைத்துச் சாப்பிடுங்கள், உணவகத்துக்குள் வெளிச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது. ஹலால் பார்ப்பவர்களுக்கு: சாற்றிலும் பூச்சிலும் அரிசி மதுவும் மிரின் என்ற இனிப்பு மதுவும் சேர்வது மிகச் சாதாரணம், விலாங்குக் குழம்பிலும் உண்டு.

விடுதியில் இரவுச் சாப்பாட்டோடு தங்கினால் சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு சின்னக் கிண்ணங்களை அன்று காலையிலிருந்தே தயார் செய்வார்கள், மாலை வந்து சொன்னால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. சாப்பாட்டு நேரம் ஆறு, ஆறரை என்று குறிப்பிட்டால் அந்த நேரத்துக்கு உட்கார்ந்துவிட வேண்டும். அங்கே தரும் பருத்தி அங்கியை இடது பக்கம் மேலே வரும்படி கட்டவேண்டும், வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்துவது.

கடைக்குள் நுழைந்ததும் நாமாக உட்காராமல் வாசலில் நின்று எத்தனை பேர் என்று விரலால் காட்டவேண்டும். தண்ணீரோ தேநீரோ இலவசமாக வரும். நாலு பேர் போய் இரண்டு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் நம் பழக்கம் சின்னக் கடைகளில் சரிப்படாது, தலைக்கு ஒன்று வாங்குங்கள். டிப்ஸ் வைக்கவேண்டாம், மேசையில் விட்டால் பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். பணம் வாசல் பக்கக் கல்லாவில்.

மது அருந்துகிறவர்களுக்கு, காமிசுவா நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பழைய கோஷூ சாலையில் சாகே என்ற அரிசி மது செய்யும் ஐந்து வடிப்பகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் 1662-இல் தொடங்கிய மசுமி என்ற வடிப்பகத்தில் 1946-இல் கண்டெடுத்த, மதுவைப் புளிக்கவைக்கும் ஏழாம் எண் ஈஸ்ட்டைத்தான் இன்றும் நாடு முழுக்கப் பல வடிப்பகங்கள் பயன்படுத்துகின்றன. சுவை பார்க்கத் தருவார்கள், 20 வயது ஆகியிருக்கவேண்டும். குளித்து முடித்தபிறகே இதை வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றிவர வாடகை சைக்கிள் எடுத்திருந்தால் அன்று குடிக்கவே கூடாது, குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதற்கும் ஜப்பானில் தண்டனை உண்டு, 2024 நவம்பரிலிருந்து அது இன்னும் கடுமையாகிவிட்டது.

திரும்பும் அசுசாவுக்கு இருக்கையை வரும்போதே பதிவு செய்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 ஏரி வாணவேடிக்கை நாளில் மட்டும் இந்தத் திட்டம் எதுவும் நடக்காது, அன்று ஊர் முழுக்கக் கூட்டம், விடுதி பல மாதத்துக்கு முன்பே நிரம்பிவிடும், ரயிலில் ஏறுவதற்கே வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். முதல்முறை குளிக்கப் போகிறவர்கள் வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், தொட்டி பாதி காலியாக இருக்கும்.